ஹாஜா மைதீனின் இரண்டு சைக்கிள்கள்

அஸ்தினாபுரத்தில் ஹாஜா மைதீனுக்குத் தோல்காரர் என்றுதான் பெயர். பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது முதலாளி அவரை விட மனமில்லாமல் தோலை வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தார். முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு பெரிய மேஜை போட்டு அங்கேயே வெட்டித் தந்தார். தோல் வந்ததும் கத்தியை எடுத்துவிட மாட்டார். வெளிச்சத்தில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, தழும்பு எங்கே இருக்கிறது, இழுத்தால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்து முடிக்கவே அரை மணி ஆகும். அப்புறம் வெட்டினால் அது வெட்டியதுதான். இன்னொரு தரம் கத்தி அந்த இடத்துக்குப் போகாது.

அவர் மனைவி ஜஹீரா கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சட்டையைத் தைத்துக் காட்டச் சொல்வார்கள். அந்த முதல் சட்டை அவள் கையில்தான் உருவாகும். அதைப் பார்த்துத்தான் மற்ற லைன்களில் ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். காலரின் நுனியை அவள் திருப்பி எடுக்கிற அழகைப் பார்க்க மேனேஜரே வந்து நிற்பதுண்டு.

அப்படிப்பட்ட வேலையை விட்டுவிடப் போவதாக 2006-ல் மழைக்காலம் முடிந்தபோது ஜஹீரா சொன்னாள். வலது முட்டி வீங்கியிருந்தது. இரண்டு வாரம் லீவில் இருந்தாள்.

"உக்காந்து தைக்கிறதுல ஒண்ணும் இல்ல மச்சான். வூட்லேருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடக்கறதுக்குள்ளதான் உசுரு போவுது."

ஹாஜா மைதீன் அவளுக்கு மாமி மகன். சின்ன வயதில் கூப்பிட்ட மச்சானைக் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார், சைக்கிள் ஓட்டலாம் என்றார். ஜஹீரா பள்ளிக்கூட நாளிலிருந்தே நன்றாக ஓட்டுவாள். ரோஸ் கலரில், முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. தொல்லையெல்லாம் அதைக் குரோம்பேட்டை ஸ்டேஷனில் எங்கே விடுவது என்பதில்தான். பக்கத்திலிருந்த ஸ்டாண்டுக்காரர் அந்த வருஷம் சைக்கிளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் பைக் வாங்கிவிட்டார்கள், சைக்கிள் நிற்கிற இடத்தில் பைக் நின்றால் அவருக்கு லாபம். வெளியே பூட்டி வைத்த சைக்கிளுக்கு என்ன ஆகும் என்பதையும் அவர்கள் ஒரு தடவை பார்த்தாயிற்று. பூட்டு மட்டும் கிடந்தது.

ஷேர் ஆட்டோவில் குனிந்து ஏறி முட்டியை மடக்கி உட்காருவது நடப்பதைவிடக் கொடுமை. ஹாஜா மைதீனுடைய சைக்கிள் கேரியரில் ஒரு நாள் ஏறிப் பார்த்தாள். இறங்கும்போது கீழே குதிக்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி முழுக்க ஒத்தடம்.

"சனிக்கிழம கம்பெனிக்குப் போயி பாக்கி இருக்கற பீஸ முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். "திங்கக்கெழம நான் வந்தா மெஷின் எனக்கு. இல்லேன்னா வேற ஆளப் போடறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

ஹாஜா மைதீன் கத்தியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"காலையில நானும் என் வண்டியில கூட வரேன். நீ ரயிலேறு. உன் வண்டிய நான் கையில புடிச்சிகினு வந்துடறேன். சாயங்காலம் அதே மாதிரி கொண்டாந்து நிறுத்தறேன்."

"ஒரே ஆளு ரெண்டு வண்டியா?"

"சைக்கிள் கட குப்புராஜு தினமும் போறான்."

"அவரு வண்டியிலயே பொறந்தவரு மச்சான். நீங்க ஒத்தக் கையில ஓட்டி நான் பாத்ததேயில்ல."

"பாப்ப."

குப்புராஜிடம் போய்க் கேட்டார். குப்புராஜ் தலையைச் சொறிந்தார். "அது கையில வரும் பாய். எப்படின்னு சொல்லத் தெரியாது" என்றார். சரி, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஹாஜா மைதீன் இரண்டு வண்டியையும் தள்ளிக்கொண்டு ஏரிப் பக்கத்து மைதானத்துக்குப் போனார்.

முதலில் தன் கறுப்பு ஜெண்ட்ஸ் சைக்கிளை வலது கையால் மட்டும் ஓட்டிப் பழகினார். பிறகு ஜஹீராவின் சைக்கிளை இடது பக்கம் சேர்த்துக்கொண்டார். கைக்கு எட்டிய பிடியைப் பிடித்து இழுத்தார். அது உடனே மூக்கைத் திருப்பி அவர் மேலேயே வந்து விழுந்தது. கையை ஹேண்டில்பாரின் நடுவே, பெல்லுக்குப் பக்கத்தில், வைத்துப் பார்த்தார். நேராக வந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனால் அதன் மேலேயே போய் மோதினார். எதிரே பார்த்துப் போனால் அது தானாகப் பக்கத்தில் ஓடிவந்தது. அதன் உள்பக்கப் பெடல் தன் பெடலோடு கொக்கி போட்டுக்கொண்டபோது கணுக்காலில் தோல் உரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெடலைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வலது பக்கம் திரும்பும்போது பக்கத்து வண்டிக்கு வட்டம் பெரிது, அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட வேண்டும். இடது பக்கம் திரும்பும்போது அதைப் பின்னால் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். ஒன்று சரியாக வராமல் அடுத்ததற்குப் போகவில்லை.

மைதானத்து முனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் ஜெயவேலு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா?"

"ஆமா. நீயும் ஒரு பொட்டிக்கு ரெண்டா வாங்கி, ரெண்டு கையிலயும் தேயேன்."

"தேய்ப்பேன். ரெண்டு துணியும் கருகிப் போயி துணிக்காரங்க ரெண்டு பேரும் சேந்து அடிப்பாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மைதானத்தை எட்டு போட்டுச் சுற்றினார். இரண்டு சக்கரக் கோடுகளும் மண்ணில் ஒரே சீராகக் கிடந்தன. தோலைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் அவரவர் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கிழக்குப் பக்க வாசலில் இறங்கி ஜஹீரா தன் வண்டியை அவர் கையில் கொடுத்தாள். முட்டி வலிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சாயங்காலம் நான் எறங்கறப்ப ரெண்டு வண்டியும் நிக்குதான்னு பாப்பேன்" என்றாள். "நின்னா திங்கக்கெழம போறேன். இல்லேன்னா போன் பண்ணிச் சொல்லிடறேன். நீங்க விழுந்து வாரினு கெடக்க வேணாம்."

"போ, போ. ரயில் வருது."

ரயில் போனதும் ஹாஜா மைதீன் ஜஹீராவின் வண்டியை இடது பக்கம் நிறுத்தி நடுவில் கையை வைத்தார். தன் வண்டியில் ஏறப் போனார். அப்போதுதான் தெரிந்தது, ஏற முடியாது என்று.

சைக்கிளில் எல்லோரும் ஏறுவது இடது பக்கத்திலிருந்து. இடது காலைப் பெடலில் வைத்து, நாலு எட்டு தத்தி, வலது காலைப் பின்னால் தூக்கிப் போட வேண்டும். தத்துவதற்கு இருந்த இடத்தில் இப்போது ஜஹீராவின் வண்டி நின்றுகொண்டிருந்தது. மைதானத்தில் அவர் என்ன செய்தார்? அவள் வண்டியை மதிலில் சாய்த்து வைப்பார். தன் வண்டியில் ஏறி ஒரு சுற்று வந்து, போகிற போக்கில் அதைக் கையில் வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எல்லாவற்றையும் அவ்வளவு பொறுமையாகப் பழகியவர் கிளம்புவதை மட்டும் மதிலிடம் விட்டிருந்தார்.

ஸ்டேஷன் வாசலில் சாய்க்க மதில் இல்லை. ஆட்டோக்கள்தான் இருந்தன. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். அவர் குள்ளம், வண்டி உயரம். உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கால் தரைக்கு எட்டவில்லை. வலது பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு வண்டியும் சேர்ந்து சாய்ந்தன. ஒரு ஆட்டோக்காரர் ஓடிவந்து பிடித்தார்.

"இன்னா பெரியவரே, சர்க்கஸா காட்டினு கீற?"

ஹாஜா மைதீன் நடுவில் நின்று, இந்தக் கையில் ஒன்று அந்தக் கையில் ஒன்று என்று இரண்டையும் தள்ளிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். வெயில் ஏறிவிட்டது. முனையில் ஜெயவேலு பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"ரெண்டு வண்டி வெச்சிகினு நடந்தா வர்ற? மூணாவது ஒண்ணு இருந்தா உருண்டு வருவியா பாய்?"

ஹாஜா மைதீனுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வரவில்லை. கோணலாகப் போன இடம் எது என்று தெரிந்துவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டு வாசலில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். டீ குடித்தார். இரண்டையும் பார்த்தார். கறுப்பு வண்டி உயரம். நடுக்கம்பி குறுக்கே நிற்கிறது. அதில் உட்கார்ந்து அவளுடைய தாழ்ந்த வண்டியைப் பிடிக்க இடது தோளைச் சாய்த்துக்கொண்டே வந்திருக்கிறார். தோள் வலிப்பது அதனால்தான். ரோஸ் வண்டியில் நடுக்கம்பி இல்லை. ஏற வேண்டியதே இல்லை, உள்ளே காலை வைத்து உட்கார வேண்டியதுதான். இரண்டு காலும் தரையில் இருக்கும். பக்கத்தில் உயரமான வண்டி நின்றால் அதன் ஹேண்டில்பார் கைக்கு நேராக வரும்.

தன் வண்டியில் உட்கார்ந்து அவள் வண்டியை இழுத்துவருவது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். ஆம்பளை ஆம்பளை வண்டியில்தானே போவான். அதைத் திருப்பிப் பார்க்கவே தோன்றவில்லை. தோலைத் திருப்பிப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் வெட்டியதில்லை.

ரோஸ் வண்டியில் உட்கார்ந்தார். சீட்டை ஏற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார். அது அவளுடைய முட்டிக்கு வைத்த அளவு. அவர் முட்டிகள் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டு நின்றன. நின்றால் நிற்கட்டும். கறுப்பு வண்டியை இடது பக்கம் சேர்த்து நடுவில் பிடித்தார். இரண்டு காலாலும் தரையை ஒரு உந்து உந்தினார். கிளம்பிவிட்டது. தெருவின் பாதியில் காலை ஊன்றினார். நின்றது. மறுபடி உந்தினார். கிளம்பியது. மதியம் லுஹர் பாங்கு சொல்கிற வரைக்கும் கிளம்புவதையும் நிற்பதையும் மட்டுமே செய்துகொண்டிருந்தார்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டார். சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெரு நெரிந்தது. முன்னால் போன பஸ் ஸ்டாப்பில் நின்றது. காலை ஊன்றி நின்றார். பஸ் நகர்ந்ததும் நகர்ந்தார். பூக்காரி கூடையை நகர்த்தும் வரை ஒரு தரம், ரிவர்ஸ் எடுக்கிற வேனுக்காக ஒரு தரம். எத்தனை முறை நிறுத்தினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. கறுப்பு வண்டி கனமாக, சொன்னபடி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

முன்கூடையும் ரோஸ் பெயின்டுமாக ஐம்பது வயதுத் தாடிக்காரர் ஒருவர் போவதைக் கடைத்தெரு சும்மா விடுமா? பழக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாய், வண்டி மாறிப் போச்சு! பெரிசுல ஏறு!"

"அதுக்கு லைசன்ஸ் இல்லப்பா" என்று திரும்பாமலே சொன்னார். திரும்பிப் பார்த்தால் வண்டி திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பள்ளிவாசலில் பார்க்கிற பெரியவர் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். மேலும் கீழும் பார்த்து, "இது என்ன கோலம் ஹாஜா?" என்றார்.

"வூட்டுக்காரி வேலைக்குப் போறா. வண்டி கொண்டுபோறேன்" என்றார். குரலில் ஒரு வளைவும் இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு வழி விட்டார்.

ஸ்டேஷன் வாசலில் காலை ஊன்றி நின்றபோது கிண்டிப் பக்கத்திலிருந்து ஒரு ரயில் வந்து கூட்டத்தை இறக்கியது. அதில் ஜஹீரா இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்த ரயிலில் வந்து இறங்கி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தாள். கீழே வரும் வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தபோது முதலில் கறுப்பு வண்டியைப் பார்த்தாள். பிறகு தன் வண்டியையும், அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆளையும்.

துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காத. எல்லாரும் பாக்கறாங்க."

"என்னப் பாக்கல மச்சான், உங்களத்தான் பாக்கறாங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "உண்மையச் சொல்லுங்க. தள்ளிக்கினா வந்தீங்க?"

"காலையில தள்ளினு போனேன். இப்ப ஓட்டினு வந்தேன்."

"நம்பறதுக்கில்ல."

ஹாஜா மைதீன் கறுப்பு வண்டியின் நடுவில் கையை வைத்து, தரையை உந்தி, ஆட்டோக்களின் வரிசை முடிகிற இடம் வரை போனார். அங்கே நின்றார். வலது பக்கம் அகலமாக வளைத்துத் திரும்பினார், பெரிய வண்டிக்குப் பெரிய வட்டம் கொடுத்து. திரும்பி வந்து அவள் காலடியில் நிறுத்தினார். இறங்கி, கைக்குட்டையால் சீட்டைத் துடைத்து, வண்டியை அவளிடம் கொடுத்தார்.

ஜஹீரா கைப்பையைக் கூடையில் வைத்தாள். காலை உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்து, வலது முட்டியை ஒரு தரம் நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

"மழையில?"

"மழையிலயும்தான். ரெண்டு பேரும் கோட்டு போட்டுக்கலாம்."

"உங்க வேலை?"

"நீ போயி வர்ற நேரத்துல வெட்டிக்கறேன். தோல் எங்க ஓடிப்போவுது?"

அவள் பெல்லை ஒரு அடி அடித்துவிட்டு நகர்ந்தாள். ஹாஜா மைதீன் தன் வண்டியில் நாலு எட்டு தத்தி ஏறி அவளை எட்டிப் பிடித்தார். கூட்டம் குறைந்த இடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள்.

"திங்கக்கெழம கொஞ்சம் சீக்கிரம் கெளம்பணும்" என்றாள் ஜஹீரா. "புது சாம்பிள் வருதாம். குழந்தைங்க ஃப்ராக்கு. காலர் ரொம்ப சின்னது, வேற யார் கையிலயும் குடுக்க வேணாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன?"

"காலையிலயே" என்றாள்.