பெட்டி கேஸ்தானே!

போன வாரம் ஒரு மதியம். அம்மா மண்டபம் ரோட்டில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். வந்தது… ஆனால் ஸ்டாப்பில் நிற்காமல், தள்ளிப்போய் டிராஃபிக்கில் மாட்டி நின்றது.

என்னோடு இருந்தவள் சபீனா. இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். தினமும் என்னோடு பஸ்ஸில் வருகிறவள். ஓடிப்போய் டிரைவரிடம் சத்தம் போட்டாள். "ஸ்டாப்புல நிறுத்துங்கண்ணே! நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?" கணீர் குரல். தெருவே திரும்பிப் பார்த்தது.

தெரு பார்த்தால் போலீஸ் பார்க்காதா? "ஏம்மா, பொது இடத்துல என்ன ரகளை? ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார் ஒரு காவலர். நானும் கூடவே போனேன்.

"பெட்டி கேஸ்தாம்மா. ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் — அதுதான் ஆபத்து!

சபீனாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் அலறல், எனக்கே கேட்டது: "யா அல்லா! பெட்டியே இன்னும் கட்டலையேம்மா… அதுக்குள்ள பெட்டி கேஸா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா பயந்ததில் என்ன தப்பு? 'பெட்டி' என்றதும் ஒன்றுமில்லாத விஷயம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால், குற்றம் செய்தவர் என்றுதான் அர்த்தம்.

கெட்ட வார்த்தையில் திட்டினால், அடிதடியில் இறங்கினால், குடித்துவிட்டு ரகளை செய்தால் சட்டம் வரட்டும். வரவேண்டும். நியாயம் கேட்கும்போது குரல் உயர்ந்தால் அதுவுமா குற்றம்? அப்படியென்றால் காந்தி மார்க்கெட்டில் பாதிப் பேர் உள்ளேதான் இருக்க வேண்டும். எனக்கு வந்ததே கோபம்!

"நான் எந்தத் தப்பும் பண்ணலை. ஒத்துக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள் சபீனா. எஸ்.ஐ. வந்தார்.

"என்ன செஞ்சாங்க?"

"ரோட்டுல கத்துனாங்க சார்."

"என்னன்னு?"

காவலர் தயங்கினார். "பஸ்ஸை… ஸ்டாப்புல நிறுத்தச் சொல்லி, சார்."

எஸ்.ஐ. நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, கிளம்புங்கம்மா. இனிமே ரோட்டுல அமைதியா இருக்கணும்."

தப்பித்தோம் என்று நான் எழுந்துவிட்டேன். சபீனா எழவில்லை.

"பஸ் நின்னா அமைதியா இருப்போம் சார்."

'இருப்பேன்' இல்லை, 'இருப்போம்'. என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்துவிட்டாள்… சேர்த்துக்கொள்ளட்டுமே!