சோறு இடப்பக்கம்

சிட்னியில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தபோது, முதல் நாளே கிண்ணங்களின் பெயர்களைப் பாடமாக்கச் சொன்னார்கள். சோற்றுக் கிண்ணம் சவான். மூடி போட்ட சூப் கிண்ணம் ஷிருவான். சோற்றின்மேல் கறியைக் கொட்டித் தருகிற பெரியது தொன்புரி. ஊறுகாய்க்குக் கொபாச்சி, பிடியில்லாத தேநீர்க் குவளைக்கு யுநோமி. சாப்பிடும் குச்சிகள் தலைவைத்துப் படுக்கச் சின்னத் தலையணை மாதிரி ஒன்று. அதற்கும் ஹாஷியோகி என்று தனிப்பெயர். கோப்பை, பேணி, பீங்கான் என்ற மூன்று சொல்லோடு இத்தனை வயதுவரை வயிறாரச் சாப்பிட்டவள் நான். எரிச்சல்தான் வந்தது.

ஆனால் அந்தச் சொற்கள் எனக்கு வேறொன்றுக்குத் தேவைப்பட்டன. என் கணவரை வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். எனக்கு விசா இருந்தது, அவருக்கு மறுத்துவிட்டார்கள். மனுசன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். போராட்டம் ஒன்றுமில்லை, பசிக்கவில்லை என்பார். பார்க்கப் போகும்போது விசா வழக்கைப் பற்றிப் பேசினால் சுவரைப் பார்ப்பார். கிண்ணங்களைப் பற்றிப் பேசினால் மட்டும் என்னைப் பார்ப்பார்.

“சவான் எண்டால் உண்மையிலை தேத்தண்ணிக் கோப்பையாம். ஆனா அதிலை சோறுதான் போடுறவை” என்றேன் ஒருநாள்.

“பேர் ஒண்டு, உள்ளுக்கை கிடக்கிறது இன்னொண்டு. எங்கட ஆக்களை மாதிரி” என்று சிரித்தார். அன்று ஒரு பிஸ்கட்டை முழுதாகச் சாப்பிட்டார்.

அதன்பிறகு நான் வெறுங்கையோடு போகவில்லை. ஹோம்புஷில் ரயில் ஏறும்போதே புதுச்சொல்லை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கடையில் என்னைத் தட்டு அடுக்க விட்டார்கள். நான் சோற்றை வலப்பக்கம் வைத்தேன். சாப்பிடுகிற கை அங்கேதானே இருக்கிறது, இடக்கைப் பக்கம் யாராவது சோறு வைப்பார்களா? கடைக்காரி ஜப்பானியப் பெண், ஏறக்குறைய என் வயது. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: சோறு இடப்பக்கம், சூப் வலப்பக்கம், மாற்றி வைத்தால் அது செத்தவர்களுக்கு வைக்கிற தட்டு.

அடுத்த தடவை இதை ஒரு பகிடியாக அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்களிட்டையும் செத்தவீட்டிலை எல்லாம் மாறித்தானே செய்யிறது” என்றார். இவ்வளவு நீளமாக ஒரு வசனம் பேசினாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய மேன்முறையீடும் தள்ளுபடியானது. அந்தக் கிழமை போனபோது கன்னம் இன்னும் ஒட்டியிருந்தது. வழக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கடதாசிக் கோப்பையில் தேநீர் எடுத்து வந்தேன். பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசித் தட்டில் வைத்தேன்.

“இஞ்சை பாருங்கோ, பிஸ்கட்தான் சோறு. தேத்தண்ணிதான் சூப்” என்று அவருக்கு இடமும் வலமுமாக அடுக்கினேன். “இண்டைக்குத் தொக்குரி. கழுத்து ஒடுங்கின சாராயச் சாடி.”

கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிஸ்கட் தட்டை ஒரு விரலால் தள்ளி வலப்பக்கம் கொண்டுபோனார். தேநீரை இடப்பக்கம் இழுத்தார். இரண்டையும் நேராக்கிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

காவலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்த முடியவில்லை. திருப்பி மாற்றி வைத்தேன். அவர் மறுபடியும் மாற்றினார். நான் திரும்ப மாற்றினேன். தேநீர் மேசையில் சிந்தியது.

“சோறு இடப்பக்கம்” என்றேன். “சொன்னனான்தானே. இடப்பக்கம்.”

“விடும்” என்றார். “எனக்கு இதுதான் சரி.”

அவருடைய கை மறுபடியும் வந்தது. அவருக்கு இடப்பக்கத்தில் அந்தத் தட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து சொன்னபோதும் நான் கையை எடுக்கவில்லை.