மேடையேறிய என் அழுகை

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அம்மாவின் தம்பியான என் மாமா சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கி அண்ணாமலை நகருக்கு வேலைக்குப் போய்வந்தார். தினமும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து என்னைப் பள்ளியில் விடுவார். மாமா இல்லாத வீட்டை எனக்கு நினைத்துப் பார்க்கவே தெரியாது.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் பட்டிமன்றம் வைத்தார்கள். கூட்டுக் குடும்பம் நல்லதா, தனிக்குடித்தனம் நல்லதா என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். அப்பாவுக்குக் கூட்டுக் குடும்பம் வந்தது, மாமாவுக்குத் தனிக்குடித்தனம். இந்தச் சீட்டு விஷயத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை, பிள்ளைகளே. வினை அங்கேதான்.

மேடையில் மாமா ஆளே மாறிப்போனார். அப்பாவை எப்போதும் வாய் நிறைய "மாமா" என்பவர், அன்று "எதிரணி நண்பர் அவர்களே" என்றார்.

"காலையில ஒரு பாத்ரூமுக்கு ஆறு பேரு வரிசைல நிக்கிறோம். என் முறை வர்றதுக்குள்ள ஆபீசுல எல்லாரும் மத்தியானச் சோறே சாப்பிட்டு முடிச்சிடுறாங்க. தனியாப் போறதுதாங்க நிம்மதி!"

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ ஒன்றுதான் புரிந்தது. மாமா நம்மை விட்டுப் போகப்போகிறார்!

ஓடிப்போய் மேடையேறி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். "போவாத மாமா! நான் வேணா கடைசியா குளிக்கிறேன்!"

மைக்கில் அது தெரு முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கம் நாலைந்து பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நடுவராக இருந்த தமிழ் வாத்தியாரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இதுக்கு மேல என்னப்பா வாதம்? கூட்டுக் குடும்பந்தான்" என்று மணியைத் தட்டப் போனார்.

மாமா விடவில்லை. "நடுவர் அவர்களே, பையன் அழுவுறான், சரி. அழுதா அது ஆதாரமாயிடுமா?"

அப்பா எழுந்தார். எனக்காகச் சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"மச்சான் கேக்குறது நியாயந்தான் ஐயா. எம்புள்ள அழுததுக்காக என் பக்கம் தீர்ப்பு சொல்லாதீங்க. நான் பேசுனத மட்டும் பாருங்க."

நடுவரும் அப்படியே பேச்சை மட்டும் பார்த்தார். தீர்ப்பு மாமா பக்கம் போய்விட்டது!

வீட்டுக்கு வரும்போது இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, எந்த இடத்தில் யார் பேச்சு எடுபட்டது என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். மாமா எங்கும் போகவில்லை என்று அம்மா சொன்னதும் என் பயம் போயிற்று. கோபம் மட்டும் போகவில்லை.

"தோத்துட்டியேப்பா" என்றேன்.

"அதனால என்னடா? பட்டிமன்றம் நல்லா நடந்துச்சுல்ல?"

கையில் வந்து விழுந்த வெற்றியை ஒருவர் தானாகவே திருப்பிக் கொடுப்பாரா? எங்கள் அப்பாவுக்கு வாதாடத் தெரியவில்லை என்றுதான் முடிவு கட்டினேன். பள்ளி திறந்ததும் வகுப்பு முழுக்க அப்படியே சொல்லியும் வைத்தேன்.