இழுத்து நடக்கும் நாய்

எங்கள் கடையில் அவருக்கு நாங்கள் வைத்த பேர் 'எத்தனைமாசம்'. முதல் மாடியில், படி ஏறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் குழந்தைகள் பிரிவு அவருடையது. பரிசு வாங்க வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று எதிரில் வந்து நிற்பார். ஒரு வயது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விடமாட்டார். பதினொன்றா பதிமூன்றா என்று தெரிந்தாக வேண்டும். ஒருமுறை கொஞ்சம் பூசினாற்போல் இருந்த ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டுவைக்க, அந்தப் பெண் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்கே போய்விட்டாள். நான் பேக்கிங் மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

பேக்கிங் மேஜை என்னுடையது. அவர் எடுத்துக் கொடுப்பதை நான் வண்ணக் காகிதத்தில் சுற்றி ரிப்பன் கட்டுவேன். இரண்டு மேஜைக்கும் நடுவில் பத்தடிதான். ஏழு வருஷமாக அந்தப் பத்தடியில் பேசிப் பேசி, அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. அக்காள் குழந்தைக்கு, ஆபீஸ் நண்பன் குழந்தைக்கு, இன்னும் பிறக்கவே பிறக்காத குழந்தைக்கு என்று ஊரே படியேறி வரும். அந்த நெரிசலிலும் அவர் கறார். ஒரு சின்ன அட்டைக் குழாய் வைத்திருந்தார். அதற்குள் நுழைகிற எதுவும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் நுழையும் என்பார். ஆசையாகக் கரடியைத் தூக்கிக்கொண்டு வருபவர் கண்ணெதிரே அதன் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கண் கையோடு வந்துவிட்டால் வியாபாரம் போயிற்று, கரடியும் போயிற்று. மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்று கேட்டால், கிலுகிலுப்பை பக்கமே கூட்டிப் போகமாட்டார். "நல்ல பிளாஸ்க் ஒண்ணு வாங்கிக் குடுங்க சார். அந்தம்மா சூடா ஒரு வாய் குடிச்சு மாசக்கணக்காச்சு" என்பார். கேட்டவர்கள் இவருக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். எனக்குத்தான் தெரியும், அது அவர் மனைவி அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை.

அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. அவளுடைய முதல் விடுமுறைக் காலத்தில் இவர் கடையிலேயே கிடந்தார். விடிந்ததும் வருவார், எல்லோரும் தூங்கின பிறகு வீட்டுக்குப் போவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்று, மூன்று தட்டு நிறைய மர வாத்து விற்றுக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்ட பிறகு மனைவி கேட்டாளாம்: "ஊர்ல இருக்கற குழந்தைக்கெல்லாம் வயசு கேக்கறீங்களே, உங்க பொண்ணுக்கு எத்தனை மாசம், சொல்லுங்க பாப்போம்." இவர் பத்து என்றார். பதினொன்று.

மனைவி கோபித்துக்கொண்டு போகவில்லை, சலித்துப்போய்ப் போனாள். சலிப்புக்குச் சமாதானம் கிடையாது. குழந்தை அப்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும், நடக்க வரவில்லை. நீட்டிய விவாகரத்துத் தாளில் எல்லாம் இவர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது என்றார் என்னிடம். இருக்கிற முகத்தோடு கேட்டிருக்க வேண்டும், மடையன். பிறகு அவள் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டோம். அதற்கப்புறம்தான் இவர் எல்லோரையும் மாசம் கேட்டு உயிரை வாங்க ஆரம்பித்தது.

போன விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னால், அந்த மனைவியின் அண்ணன் கடைக்கு வந்தார். தன் கைக்குழந்தைக்குப் பரிசு வாங்க வந்தவர், படியேறியதும் இவர் முகத்தில் முழித்துவிட்டார். இரண்டு பேரும் பேயறைந்ததுபோல் நின்றார்கள். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எப்படி இருக்கீங்க, மாப்ள?"

அந்த உறவு முடிந்து நாலு வருஷம் ஆகியும் அவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டார். அதிலேயே இவர் உடைந்துபோனார்.

"மச்சான், நான் பாப்பாவுக்கு ஒண்ணு எடுத்துத் தரேன். குடுத்துடறீங்களா?"

"நீங்க குடுத்ததுன்னு சொன்னா தங்கச்சி வாங்க மாட்டா. நான் வாங்கினதுன்னு சொல்லிக் குடுக்கறேன். பரவாயில்லையா?"

"பரவாயில்ல. பாப்பா கைக்குப் போனா போதும்."

யாருக்கும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பவர், இதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். படம் சேர்க்கும் வில்லைகளை எடுப்பார், வைப்பார். சமையல் செட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும், பேச்சு அதிகமா, இருட்டென்றால் பயமா, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மாசம்தான். "எத்தனை மாசம்?" என்று நாங்கள் கேலியாகக் கேட்டால், "ஐம்பத்தொன்பது" என்று யோசிக்காமல் சொல்வார்.

பத்தாம் நாள் காலை என் மேஜையில் ஒரு மர நாயைக் கொண்டுவந்து வைத்தார். கழுத்தில் ஒரு சாண் கயிறு, அடியில் நாலு சக்கரம். இழுத்தால் கடகடவென்று காது ஆடும். நடை பழகுகிற குழந்தைக்கு அவரே நூறு பேருக்கு எடுத்துக் கொடுத்த சாமான்.

"அண்ணே, இது ஒரு வயசுக்கு உள்ளது. அவளுக்கு அஞ்சு" என்றேன்.

"தெரியும்மா."

"வேற யாராவது கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"அவ இதை இழுத்துட்டு நடப்பா இல்லியா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பச்சைக் காகிதத்தில் சுற்றி, ரிப்பனை இரட்டை முடிச்சாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பிடிவாதமாகத் தடுத்திருக்கலாம். இன்றைக்கும் அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

விடுமுறை முடிந்தால் எங்கள் கடையில் திருப்பித் தரும் காலம். பிடிக்காதது, இரண்டாய் வந்தது, உடைந்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் படியேறி வரும். நாலாம் நாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அண்ணன் வந்தார். ஒரு கையில் மர நாய். இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

முன்பல் ஒன்று விழுந்திருந்தது. நான் எத்தனைமாசத்தைப் பார்த்தேன். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை மாத்தணும்" என்றாள் சிறுமி. "இது பாப்பாங்க விளையாடறது. மாமாவுக்கு ஒண்ணுமே தெரியல."

"ஆமாம்மா. தெரியாமத்தான் வாங்கிட்டாங்க" என்றார் அவர். "ஆனா ஒரு விஷயம். திருப்பித் தரணும்னா, சக்கரம் ஓடுதான்னு பாக்கணும். ஒரு தடவ படி வரைக்கும் இழுத்துட்டுப் போய்ட்டு வரியா?"

"நான் பாப்பா இல்ல."

"தெரியும். கடை ரூல் அது."

அப்படி ஒரு ரூல் கிடையாது.

அவள் முகத்தைச் சுளித்தபடி கயிற்றை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கயிறு அவளுக்குக் குட்டை. ஒரு பக்கம் சாய்ந்து நடக்க வேண்டியிருந்தது. நாய் இரண்டு தடவை கவிழ்ந்தது. படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அவர் நாயைப் பார்க்கவே இல்லை, அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

"லேஸ் அவுந்திருக்கு பாரு" என்று அவசரமாக அவள் முன்னால் மண்டி போட்டுக் கையை நீட்டினார்.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கே கட்டத் தெரியும். எங்க அப்பா சொல்லிக் குடுத்தாங்க."

உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நிதானமாக இரண்டு வளையம் போட்டு இறுக்கினாள். அவர் மண்டி போட்டபடியே, நீட்டிய கையை மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பி, தேவையே இல்லாமல் ஒரு ரிப்பனை வெட்டினேன்.

மாற்றாக என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, அவளே தட்டுக்குப் போய் அரை நிமிஷத்தில் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்து வந்தாள். "கயிறு நீளமாச்சே, கழுத்துல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

அண்ணன் ஒரு நிமிஷம் பின்தங்கி நின்றார்.

"அடுத்த மாசம் அவங்க எல்லாரும் ஊர் மாறிப் போறாங்க, மாப்ள. ரொம்பத் தூரம். ஒரு தடவ பாத்துடுங்கன்னுதான் நானே கூட்டிட்டு வந்தேன்."

"நல்லா நடக்கறா, மச்சான்" என்றார் அவர்.

திருப்பித் தரும் சாமானுக்கு நான்தான் படிவம் நிரப்புவது. அன்றைக்கு அவரே தாளை வாங்கி எழுதினார். தேதி, சாமான் பெயர் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, 'காரணம்' என்ற இடத்தில் 'வாங்கியவருக்குக் குழந்தையைத் தெரியாது' என்று எழுதினார். நாயைத் துணியால் துடைத்துப் பழைய தட்டிலேயே வைத்தார்.

சாயங்காலம் படிவங்களைப் பார்த்த மேனேஜர், "என்னம்மா இது, யார் இப்படி எழுதினது?" என்று என்னைக் கேட்டார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, 'வயது பொருந்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.