டாங்கி பிடித்த முனுசாமி

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் கையில் மஞ்சள் பையோடு என் வாசலில் வந்து நின்றார். எங்கள் விழுப்புரத்தில் மஞ்சள் பையோடு யாராவது வந்தால் இரண்டில் ஒன்று — கல்யாணப் பத்திரிகை, இல்லை கோர்ட் பேப்பர். அண்ணன் எடுத்து வைத்தது இரண்டும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு நிற நோட்டு. அட்டை முழுக்கச் சந்தனம், குங்குமம்.

"டீச்சர், உங்களுக்கு ஜெர்மன் தெரியும்தானே?"

தலையாட்டினேன்.

உண்மை என்னவென்றால், நாற்பது வருஷத்துக்கு முன் புதுச்சேரியில் ஆறு மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். அதை நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அவ்வப்போது பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். இன்றைக்கு மிச்சம் இருப்பது ஒரு வணக்கமும், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்களும்தான். ஆனால் நம்பி வந்த மனுஷனிடம் தெரியாது என்று சொல்ல நமக்கெல்லாம் வாய் வருமா?

நோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை அண்ணன் ரிட்டயர்டு லைன்மேன். அவருடைய அப்பா முனுசாமி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். பஸ் கழுவியபடியே ஓட்டவும் கற்றுக்கொண்டார். நாற்பதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, "லாரி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றதும் ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பியவர் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளிக் கோட்டு, இந்த நோட்டு மூன்றையும் கொண்டுவந்தார்.

கூடவே ஒரு கதையையும்.

மணல் காற்று வீசுகிறது. எதிரே ஜெர்மன் டாங்கி. முனுசாமி கையில் துப்பாக்கி இல்லை, ஸ்பேனர்தான். ஏறிக் குதித்து, மேல் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஜெர்மன்காரனைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுகிறார். அவன் சட்டைப் பையிலிருந்து பறித்ததுதான் இந்த நோட்டு.

நாற்பதுகளில் அந்தக் கதையில் ஒரு ஜெர்மன்காரன்தான் இருந்தானாம். ஏழுமலை அண்ணன் கல்யாணத்துக்குள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். அவர் மகள் காதுகுத்தில் ஐந்து. அதற்கு மேல் டாங்கியில் இடம் இல்லை போல, அதோடு நின்றது.

சந்தனம் எப்படி வந்தது? அட்டையில் கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திக். பார்த்தார் முனுசாமியின் மனைவி. சாமி சின்னம் போட்ட புஸ்தகம் என்று முடிவு கட்டிவிட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, பிற்பாடு மகனுடைய கட்டிங் பிளையர், டெஸ்டர் — இவற்றின் நடுவில் ஹிட்லர் சர்க்காரின் கழுகுக்கும் பொட்டு வைத்துப் பொரி படைத்தார்கள். அந்தச் சின்னத்தின் கீழே என்னென்ன கொடுமை நடந்தது என்று அண்ணனிடம் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் எங்கம்மாவுக்கு எப்படிங்க தெரியும்? பாத்தா கல்யாணக் கார்டு மாதிரிதானே இருக்குது."

இப்போது எதற்கு நோட்டு வெளியே வந்தது? திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அவர்கள் சொந்த ஊரில் புது பஸ் நிழற்குடை கட்டுகிறார்கள். அதில் முனுசாமிக்கு ஒரு கல்வெட்டு வைப்பதாக ஊர்த் தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டார். திருவக்கரைப் பக்கத்திலிருந்து கருங்கல் வந்து இறங்கிவிட்டது. பிடிபட்ட ஜெர்மன்காரனின் பெயரும் பதவியும் மட்டும்தான் பாக்கி.

"ஜெனரலா கர்னலான்னு பாத்துச் சொல்லிட்டீங்கன்னா போதும். கல்லுக்காரன் ஜல்தி பண்ணிக்கினு இருக்கான்."

நோட்டைத் திறந்தேன். கையெழுத்து முழுக்க மழைத்தண்ணீரில் எறும்பு நீந்துவதைப் போல இருந்தது. என் ஆறு மாத ஜெர்மன் முதல் வரியிலேயே உயிரை விட்டது. ஆனாலும் கௌரவம் இருக்கிறதே... "இது பழைய எழுத்து, இன்னொருத்தரையும் கேட்டுடலாம்" என்று சொல்லி வைத்தேன்.

வளவனூர் வழியாகப் பஸ் பிடித்துப் புதுச்சேரி போனோம். அங்கே என் தோழியின் மாடியில் ஹெல்கா அம்மாள் குடியிருக்கிறார். ஜெர்மனியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழாக்க, அண்ணன் கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அட்டையைப் பார்த்ததும் ஹெல்கா கேட்ட முதல் கேள்வி, "இதற்கு யார் பொட்டு வைத்தது?"

"எங்கம்மா," என்றார் அண்ணன், பெருமையாக.

ஹெல்கா சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இது ஜெர்மன் சிப்பாயின் சம்பளப் புத்தகமாம். பேர்தான் சம்பளப் புத்தகம். ஒருவனுடைய பட்டாள வாழ்க்கை முழுக்க இதில் இருக்கும். எங்கே சேர்ந்தான், என்ன துணி கொடுத்தார்கள், எந்த ஊசி போட்டார்கள், எப்போது லீவு... அக்காலத்துப் புத்தகங்களில் போட்டோ கிடையாது. உயரம், தலைமுடி, கண் நிறம், பூட்ஸ் அளவு எல்லாம் எழுதிவைத்திருப்பார்கள்.

முதல் பக்கம். பெயர் கார்ல். முழுப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பதவி?

"டாங்கிப் படையில் சிப்பாய். கடைசிப் படி," என்றார் ஹெல்கா. "நாற்பத்தொன்றில் ஒரு பிரமோஷன். கடைசிக்கு முந்தின படி."

அண்ணன் முகத்தில் ஜெனரல் விழுந்து, கர்னல் விழுந்து, கேப்டனும் விழுந்ததைப் பார்த்தேன்.

"தொழில்?"

"பேக்கரியில் ரொட்டி போடுபவர்."

முப்பத்தொன்பதில் முனுசாமி பஸ் படிக்கட்டில் தொங்கியபடி விழுப்புரத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தக் கார்ல் எங்கோ ஒரு சின்ன ஊரில் மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறான். அந்த வருஷக் கடைசியில் பட்டாளம் கூப்பிட்டுக்கொண்டது.

துணிமணிப் பக்கம்தான் ஹெல்காவுக்கு ரொம்பப் பிடித்தது. டாங்கிக்காரர்களுக்குக் கறுப்பு உடுப்பாம். நாற்பத்தொன்றில் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வெயில் தேசத்துக் காக்கித் துணி கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா போனதற்கு அதுதான் சாட்சி. காலரா ஊசி, டைபாய்டு ஊசி. அதற்கு முன் ஒரே ஒரு லீவு, பதினான்கு நாள், சொந்த ஊருக்கு.

பிறகு எண்களாக ஒரு பக்கம் வந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது அவன் சுட்ட டாங்கிக் கணக்குன்னு அப்பா சொல்லுவாருங்க."

அது ஆஸ்பத்திரிப் பக்கம். நோயின் பெயரை எழுதாமல் எண் போடுவார்களாம். ஹெல்கா போனில் ஏதோ பட்டியலைத் தேடி எடுத்தார். முதல் எண் மஞ்சள் காமாலை. இரண்டாவது, நாற்பத்திரண்டு கடைசியில், வயிற்றுக்கடுப்பு. ரத்தபேதி.

"சேர்ந்த தேதி இருக்கிறது. வெளியே போன தேதி இல்லை," என்றார். ஜெர்மன் படை பின்வாங்கியபோது, நடக்க முடியாத நோயாளிகளைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கும். இங்கிலீஷ்காரர்கள் வந்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருப்பார்கள்.

லாரியில். ஓட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, டாங்கி இல்லை. ஸ்பேனர் இல்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்ததும் இல்லை. பேதியில் துவண்டு கிடந்த ஒரு ரொட்டிக்காரப் பையன். அவ்வளவுதான் நம் மகாயுத்தம்.

கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. ஹெல்கா அதை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அண்ணனுக்குச் சொன்னேன்.

"இதை என் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள்."

அம்மாவின் விலாசம் எங்கே? அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, நெருங்கிய சொந்தங்களின் பக்கம். புத்தகத்தை விரித்து வைத்தால் தானாக அந்தப் பக்கத்தில்தான் விரிகிறது. அதனால் வருஷா வருஷம் அங்கேயும் ஒரு சந்தனப் பொட்டு. பேனா மையும் சந்தனமும் கலந்து, ஊரும் தெருவும் கரைந்து போயிருந்தன. எவ்வளவு பக்தி பாருங்கள்... ஒரு தாயின் விலாசத்தை நாற்பது ஐம்பது பூஜையில் துடைத்தே விட்டோம்.

அண்ணன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் அப்பா வூட்ல இருக்க மாட்டாருங்க டீச்சர். டீக்கடைக்குப் போய்க் குந்திக்குவாரு. சாவப்போற சமயத்துல எங்கிட்ட சொன்னாரு... 'அந்தப் பையன் லாரியில புக்கை என் கையில குடுத்து என்னமோ கேட்டான்டா. எனக்கு ஒண்ணும் புரியல. தலைய ஆட்டினேன். அவன் அப்புறம் நிம்மதியா கண்ண மூடிக்கினு படுத்துட்டான். நான் தலைய ஆட்டியிருக்கக் கூடாதுடா.' ஜுரத்துல உளர்றாருன்னு நெனச்சிட்டேங்க."

நம் ஊரில் தலையாட்டுவது ஒரு மரியாதை. புரிந்தாலும் ஆட்டுவோம், புரியாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவோம். எதிராளி அதை வாக்கு என்று எடுத்துக்கொள்வான் என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை.

சரி, ஊர் திரும்பிய பிறகாவது யாரிடமாவது காட்டியிருக்கலாமே? திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி என்ன சீமையா? படித்துச் சொல்ல ஆட்கள் கிடைத்திருப்பார்கள். ஆனால் அதற்குள் டீக்கடையில் டாங்கிக் கதையைச் சொல்லிவிட்டாரே. படிக்கத் தெரிந்தவன் கையில் நோட்டைக் கொடுத்தால் கதை போய்விடும். ஒரு பொய்யைச் சொல்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்க அதற்குக் காவல் இருக்க வேண்டுமே, அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். முனுசாமியை நினைத்து எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

கார்ல் யாருடைய யுத்தத்தில் சண்டை போட்டான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அவன் அம்மா அந்த அட்டையைப் பார்த்திருந்தால், கழுகைப் பார்த்திருக்க மாட்டார்.

முதல் பக்கத்தில், சிப்பாய்கள் கழுத்தில் மாட்டும் அடையாள வில்லையின் எண் சந்தனத்துக்குத் தப்பியிருந்தது. காணாமல்போன சிப்பாய்களின் விவரம் வைத்திருக்கும் அலுவலகம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறதாம். ஹெல்கா அந்த எண்ணை எழுதி அனுப்பினார். பதில் வர ஐந்து வாரம் ஆனது. கார்ல் பிடிபட்ட சில நாளில், எகிப்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இறந்துவிட்டான். அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கார்லின் தங்கை மகள் ஒருத்தி அதே ஊரில் இருக்கிறாள். புத்தகத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள்.

அதற்குள் கல் தயாராகிவிட்டது. அண்ணன் பெயரும் பதவியும் சொல்லாததால், "டாங்கியைத் தனி ஆளாகப் பிடித்த மாவீரர்" என்று பொதுவாக வெட்டிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். பந்தல், மைக் செட், மாலை. அண்ணன் பேச எழுந்தார். பேசாமல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா டாங்கியெல்லாம் புடிக்கலீங்க. பேதியில கெடந்த ஒரு பையன லாரியில ஏத்திக்கினு போனாரு. அவன் ஒரு காரியம் சொன்னான். அத எங்கப்பா செய்யல. நான் செய்யப் போறேன்."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஊர்த் தலைவர் மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா தன்னடக்கத்த? அப்பனுக்கேத்த புள்ள. அப்பா ஒரு டாங்கியப் புடிச்சிருக்க, புடிக்கலன்றாரு பாருங்க."

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. அண்ணன் மறுபடி எழுந்து, "இல்லீங்க, நெசமாவே..." என்றார். அதற்கும் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னதற்காக ஒரு மனுஷனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததே இல்லை. யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

கல் அங்கேயே இருக்கிறது. கருங்கல்லாயிற்றே, நம் எல்லோரையும்விட நீண்ட நாள் இருக்கும்.

போன திங்கட்கிழமை போஸ்ட் ஆபீஸுக்குப் போனோம். அண்ணன் நோட்டைப் பஞ்சு வைத்துத் துடைத்து, புது வேட்டித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "ஜெர்மனியா? சாதா பார்சல்னா மாசக்கணக்குல ஆவும். ஸ்பீட் போஸ்ட்ல போடட்டுமா சார்?" என்று கேட்டாள்.

அண்ணன் பெட்டியை இரண்டு கையாலும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஸ்பீட் போஸ்ட்லயே போட்டுடும்மா. ஏற்கெனவே கொஞ்சம் லேட்டாயிடுச்சி."