மணம் தெரியாமல் சுட்ட கேக்

காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து காப்பி போட்டு ஒரு வாய் குடித்தேன். வெந்நீரில் சீனி கலந்து குடித்த மாதிரி இருந்தது. தூள் போட மறந்துவிட்டேனோ என்று டம்ளருக்குள் பார்த்தேன். நிறம் காப்பி நிறம்தான். கணவரிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

"எப்பவும் போலத்தான இருக்கு" என்றார்.

டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சிலருக்குக் காய்ச்சலுக்குப் பிறகு மணம் போய்விடும், தானாகத் திரும்பி வரும் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதாம். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு இவைதான் நாக்கின் வேலை, மற்ற ருசியெல்லாம் மூக்குதான் தருகிறது என்றார். நாற்பத்திரண்டு வயதில் இது எனக்குப் புதுச் செய்தி.

நான் கொச்சியில் ஜூ டவுனில் ஒரு மசாலாக் கடையில் வேலை பார்க்கிறேன். பட்டையையும் ஏலக்காயையும் உள்ளங்கையில் நசுக்கிச் சுற்றுலா வருகிறவர்களின் மூக்குக்கு நேரே நீட்டுவது என் பாதி வேலை. அவர்கள் கண்ணை மூடி முகரும்போது நானும் கூடவே தலையாட்டினேன். என் கையில் இருந்தது மரத்தூளா ஏலக்காயா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கடையில் எப்படியோ ஓடியது. கஷ்டம் வீட்டில்தான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு சின்ன ஓவன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேக் சுடுவேன். கணவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு மைதாவை விட்டுக் கோதுமை மாவுக்கு மாறினேன். சீனியைக் குறைத்து, கொஞ்சமாக வெல்லம் போட்டேன். இங்கே கடையில் சர்க்கரை என்று கேட்டால் வெல்லத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். "அப்பாக்கு சர்க்கரைன்னு சொல்லிட்டு அம்மா சர்க்கரைல கேக் செய்யறாங்க" என்று என் பெண் கேலி செய்வாள். வெண்ணெய்க்குப் பதில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய். கேக்குக்கென்றே ஒரு பாட்டில் தனியாக வைத்திருந்தேன். பழம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நேந்திரம்பழம் எந்நாளும் கிடைக்கும். சித்திரையில் மாம்பழம், அதன்பின் பலா.

மணம் போன பிறகும் நான் சுடுவதை நிறுத்தவில்லை. மாவைக் கலக்கும்போது கைக்குத் தெரிகிற பதம் அப்படியே இருந்தது. கேக் மேலே எழும்பி விரிசல் விடுவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். வெந்ததும் ஒரு துண்டு வாயில் போடுவேன். மெத்தென்று இருக்கும், இனிக்கும். லேசாக ஒரு கசப்பும் தெரிந்தது. நோய் வந்த நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கணவர் தினமும் இரண்டு துண்டு சாப்பிட்டார். குடிநீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. காலையில் கிளம்பும்போது டப்பாவிலும் ஒரு துண்டு வைத்துக்கொள்வார். பெண்ணும் பள்ளிக்கு எடுத்துப் போனாள். "நல்லாருக்கா?" என்று கேட்டால் இருவரும், "நல்லாருக்கு" என்பார்கள்.

அந்த நாட்களில் இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் சந்தில் ஆடுகள் கட்டில்லாமல் திரியும். அதில் மூன்று ஆடுகள் காலையில் பெண் பள்ளிக்குப் புறப்படும் நேரத்துக்குச் சரியாக எங்கள் கேட்டருகே வந்து நின்றன. ஏன் என்று புரியவில்லை.

மாம்பழம் வந்ததும் முதல் கேக்கைச் சுட்டு, சூடாகவே ஒரு தட்டில் கீழ்வீட்டுச் சேச்சிக்குக் கொண்டு போனேன். அவர் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெஷினை நிறுத்திவிட்டு ஒரு வாய் கடித்தார். மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு விரலைத் துணியில் துடைத்தார்.

"மோளே, ஒரு கார்யம் சொன்னா தேஷ்யம் வருமோ?"

"கோபமெல்லாம் வராது சேச்சி, சொல்லுங்க."

"எண்ண கனச்சு போச்சு."

கனச்சது என்றால் காறிப்போனது. எனக்கு முகம் சூடானது.

"மாம்பழத்துல ஏதாவது இருக்குமோ?"

"மாம்பழம் இல்ல. கழிஞ்ச மாசம் நீ தந்த நேந்திரம்பழக் கேக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சேச்சி."

"உனக்கு சுகமில்லாம இருந்ததல்லே. எப்படிச் சொல்றது?"

தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அன்று கணவர் வீட்டில் இருந்தார். எண்ணெய் பாட்டிலைத் திறந்து அவர் மூக்கருகே கொண்டு போனேன். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கு விளங்கியது.

"எத்தன நாளா தெரியும்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

பாட்டிலை வாங்கி மூடினார். "காய்ச்சலுக்கு அப்புறம் கேக் சுடுற அன்னிக்கு மட்டுந்தான் நீ முகம் தெளிஞ்சு இருந்த. அதக் கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

"அதுக்காக இத தினமும் தின்னீங்களா?"

"தின்னேன்."

கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். பெண் கதவோரம் வந்து, தான் தின்னாமல் ஆடுகளுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அவள் செய்ததுதான் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. ஒரு மாதம் காறிய கேக்கைத் தின்ற மனிதரைத்தான் புரியவில்லை.

"அப்ப, காய்ச்சலுக்கு முன்னால நான் சுட்டதெல்லாம்?"

"அதெல்லாம் நெசமாவே நல்லா இருந்துச்சு."

"நான் எப்படி நம்புறது?"

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கேழ்வரகு பிஸ்கட், பேரீச்சம்பழக் கேக், அன்னாசி வைத்துச் சுட்டது. எதை உண்மையாகப் பாராட்டினார்கள், எதை எனக்காகச் சொன்னார்கள்? பிரித்தெடுக்க ஒரு வழியும் இல்லை. அதன்பின் மூன்று வாரம் ஓவனைத் தொடவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் காலை, அடுக்களையில் ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வாடை தெரிகிறதே என்ற நினைப்பு பிறகுதான் வந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். கணவர் டார்ச்சுடன் ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தார். பெண் எல்லா அறையிலும் முகர்ந்துவிட்டு வந்து, ஒன்றும் இல்லையே என்றாள். நாற்றம் எங்கே அதிகமாக இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். அடுப்பின் மேல் இருந்த காப்பிப் பாத்திரத்தின் முன்னால் போய் நின்றேன்.

டாக்டர், காப்பி மணம் இப்படி மாறித் தெரிவதும் உண்டு, மணம் திரும்புவதன் அடையாளமாக இருக்கலாம் என்றார். நல்லது நடக்கிறது என்று சொல்கிறார், எனக்கோ காப்பியைக் கண்டால் குமட்டுகிறது. சந்தோஷப்படுவதா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் கணவர் பாதி வரிக்கைப் பலாவுடன் வந்தார். பெண் கேக் வேண்டும் என்றாள். புது எண்ணெய் பாட்டிலை அவளே முகர்ந்து பார்த்துக் கொடுத்தாள். கோதுமை மாவில் சுளைகளை அரைத்துக் கலந்தேன், வெல்லம் கொஞ்சமே போட்டேன், பழத்திலேயே இனிப்பு இருந்ததால். வேகிற கேக் உள்ளுக்குள் மெல்லச் சிடுசிடுக்கும். அந்தச் சத்தம் அடங்கினால் பதம் என்று அதற்குள் காது பழகியிருந்தது. சத்தம் அடங்கியதும் கதவைத் திறந்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் நாற்றம்.

கேக்கை அச்சோடு தூக்கிக்கொண்டு குப்பைக் கூடைக்குப் போனேன். பெண்ணுக்கு யூனிபார்ம் அளவெடுக்க வந்திருந்த சேச்சி வழியை மறித்தார்.

"எங்கே கொண்டு போற?"

"கெட்டுப்போச்சு சேச்சி. மண்ணெண்ணெய் அடிக்குது."

அவர் அச்சை என் கையிலிருந்து வாங்கி, ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"மதுரம் கொறவு" என்றார். "வேற ஒண்ணும் இல்ல. நல்ல சக்க மணம்."

பெண் இரண்டு துண்டு தின்றாள். அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கத்தான் செய்தாள். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டேன். மெத்தென்று இருந்தது, சேச்சி சொன்னது போல இனிப்பு குறைவு. மூக்கை விட்டதும் மறுபடியும் மண்ணெண்ணெய்.

கணவர் ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"நடுவுல லேசா வேகல" என்றார்.

அவர் என் கேக்கில் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த முறைக்கு ஐந்து நிமிடம் கூட்டி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, நடுப்பகுதியை வெட்டி விரலால் அழுத்திப் பார்த்தேன். குச்சியையும் விட்டுப் பார்த்தேன், மாவு ஒட்டாமல் வந்தது. நன்றாக வெந்துதான் இருந்தது. அந்தக் குறையும் எனக்காகச் சொன்னதுதானோ?

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.