பிள்ளை பிடிக்கிறவனும் அரை டிக்கெட்டும்

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பதைவிட, வண்டியில் ஏறும் வதந்திகளுக்குத் தலையாட்டுவதுதான் பெரும்பாடு. பஸ் கம்பியில் தொங்கியபடி அவற்றைக் கேட்டுத் தொலைத்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எழுபதுகளின் கடைசியில் மதுரை–வாடிப்பட்டி தனியார் வண்டியில் இருந்தேன். புதிதாகக் கட்டும் பாலத்துக்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று அப்போது ஊரே நடுங்கியது.

யார் பார்த்தது?

ஒரு பையனைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனதைத் தன் கொழுந்தன் பார்த்ததாக, காய்கறிக் கூடையோடு வரும் அக்கா சொன்னார். மறுவாரம் அந்தக் கொழுந்தனே ஏறினார். விசாரித்தால், பார்த்தது அவர் இல்லையாம், அவருடைய சகலையாம். சகலைக்கு எந்த ஊர் என்றதும் கோபம் வந்துவிட்டது. "நான் பாக்கலேன்னா நடக்கலேன்னு ஆயிருமாண்ணே? வீட்ல பிள்ளைய வச்சிருக்கவனுக்குத்தான் பயம் தெரியும்."

என் வாய்க்கொழுப்பு

நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்தச் சாக்கு நம்ம வண்டியிலதான் ஏறுச்சு" என்று வாடிப்பட்டியில் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். மறுநாளே மதுரையில் ஏறிய ஒரு பெரியவர் அதை என்னிடமே ரகசியமாகச் சொன்னார். ஐயா, அது நானே கட்டிவிட்டது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதலாளிக்குப் பயந்து மறைக்கிற. சரி, உன் பொழப்பு அப்படி, தம்பி."

பாப்பாவுக்கு என்ன வயசு?

அதற்கான பலன் அந்த வாரமே வந்தது. தூங்கும் பெண்பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒருவர் ஏறினார். மூணு வயசு முடிந்துவிட்டால் அரை டிக்கெட் எடுக்க வேண்டும்; வயசு கேட்டேன். "இன்னும் மூணு முடியலண்ணே" என்றார். பிள்ளை கண்ணைத் திறந்து, "எனக்கு அஞ்சு. ஸ்கூலுக்குப் போறேன்" என்றது.

பெற்றவனுக்கு வயசு தெரியாதா என்று ஒரு குரல். அவ்வளவுதான், நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. சாக்குக் கதையை இந்த வண்டியில் ஏற்றியது என் வாய்தானே. இடித்துக்கொண்டு உள்ளே போய்க் கத்தினேன். "பிள்ளை பிடிக்கிறவன் வம்பில்லாம அரை டிக்கெட் வாங்கிட்டுப் போயிருப்பான்யா. சொந்தப் பிள்ளைக்குத்தான் நாமெல்லாம் வயசக் கொறப்போம்."

சட்டையைப் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரோ சிரித்தார்கள். பிள்ளை "அப்பா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டையை நீவிவிட்டுக்கொண்டு அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மூணுன்னே இருக்கட்டுமாண்ணே?"

யாருமே பார்க்காததை நம்பி அடிக்க எழுந்த ஒரு வண்டி ஜனத்தை உட்காரவைத்தது, அவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருந்த பொய்தான்.